காத்திருக்காத சாப்பாடு

அந்த அக்கா மின்தூக்கிப் பொத்தானை ஒரே ஒருமுறை அழுத்தி நான் பார்த்ததில்லை. வந்து நின்றதும் டப் டப் டப்பென்று குத்துவார். உள்ளே ஏறிய பிறகு கதவு தானாக மூடும் வரை பொறுக்க மாட்டார், மூடுகிற பொத்தானுக்கும் அதே குத்துதான். பாயான் பாருவில் ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடியில் அவர் வீடு. மகள் ஜோகூரில் படிக்கப் போயிருந்ததால் காலியாக இருந்த நடு அறையை நான் வாடகைக்கு எடுத்திருந்தேன். இரண்டு பேருக்கும் ஒரே தொழிற்சாலை. அவர் மெஷின் லைனில், நான் தரச் சோதனைப் பிரிவில். காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை பகல் ஷிப்ட். போவதும் வருவதும் அவருடைய பழைய குட்டிக் காரில். நான் சீட் பெல்ட்டைத் தேடிப் பிடித்து மாட்டுவதற்குள் வண்டி சாலைக்கு வந்திருக்கும்.

"என்னாக்கா இவ்ளோ அவசரம்?"

"அவசரம்லாம் இல்ல புள்ள. சும்மா நிக்கப் புடிக்கல, அவ்ளோதான்."

பாசாரில் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்து வாங்குகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. கைக்கு வந்ததைப் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவார். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதி சொத்தையாக இருக்கும். கோவிலிலும் அதே கதைதான். நான் பிள்ளையாரிடம் கோரிக்கையைச் சொல்லத் தொடங்கும்போது அவர் மூன்று சுற்றும் முடித்துவிட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார். "சாமிக்கு என் மூஞ்சி தெரியும்லா, நின்னு வேற காட்டணுமா?" என்பார். பேச்சிலும் வாக்கியத்தை முடிக்க மாட்டார். "அந்த இது எங்க... சரி விடு, கெடச்சிருச்சி" என்று அவரே கேட்டு அவரே பதில் சொல்லிக்கொள்வார். இந்த மனுஷியோடு ஒரு வீட்டில் எப்படிக் குப்பை கொட்டப் போகிறேன் என்று முதல் வாரம் எனக்கு மலைப்பாகத்தான் இருந்தது.

ஆனால் இரவுச் சாப்பாட்டு மேசையில் அந்த அக்கா வேறு ஆளாகிவிடுவார்.

சமையல் வரைக்கும் பழைய அவசரம்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் கைப்பை சோபாவுக்குப் பறக்கும். அடுப்பில் சட்டி ஏறும். மார்ஜரின் உருகுவதற்குள் டம்ளரின் அடியால் பூண்டை நசுக்கி, வெங்காயத்தை அரிந்து போட்டுவிடுவார். ஞாயிற்றுக்கிழமையே சின்னச் சின்னதாக நறுக்கி உறைய வைத்த கோழித் துண்டுகள் பின்னால் போகும். வெள்ளிக்கிழமை என்றால் கோழிக்குப் பதில் காளான். அப்புறம் பாஸ்தாவைப் பொட்டலத்தோடு கவிழ்த்து, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு, மூடிவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். தலையில் ஈரத் துண்டோடு அவர் வெளியே வரும்போது தண்ணீர் வற்றி, பாஸ்தா தன் கஞ்சியிலேயே தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும். இனிப்பில்லாத டின் பாலை ஊற்றுவார், சீஸ் இரண்டு பிய்த்துப் போடுவார், மிளகுத்தூள், கொஞ்சம் காய்ந்த மிளகாய், ஒரு கிண்டு. வடிகட்டுவது, தனியாக வெள்ளைக் குழம்பு காய்ச்சுவது எதுவும் இல்லை. லைனில் பக்கத்து மெஷினில் நின்ற மலாய்க்காரப் பெண் ஒருத்தி செல்போனில் காட்டிய வீடியோவைப் பார்த்து, வேலை செய்தபடியே மனப்பாடம் செய்ததாம். காய்ந்த மிளகாய் மட்டும் அக்காவின் சொந்தச் சரக்கு.

"என்னாங்க! ஆறுனா கல்லு!"

இதுதான் எங்களுக்குச் சாப்பாட்டு மணி. சவரம் செய்த சோப்பு நுரை காதோரம் ஒட்டியிருக்க அண்ணன் ஓடி வருவார். அண்ணன் என்றால் அக்காவின் வீட்டுக்காரர். கடலுக்கு அக்கரையில், பிறையில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு நிரந்தரமாக இரவு வேலை. எட்டு மணிக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் கிளம்பினால்தான் பாலத்தைத் தாண்டி நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். காலையில் அவர் திரும்பி வரும்போது நாங்கள் வேலையில் இருப்போம். ஓய்வு நாட்களும் இரண்டு பேருக்கும் பெரும்பாலும் ஒத்து வராது. ஆக, புருஷனும் பெண்டாட்டியும் கண் விழித்த நிலையில் ஒரே கூரையின் கீழ் இருப்பது அந்த அரை மணி நேரம் மட்டும்தான்.

சட்டி அப்படியே மேசைக்கு வரும், பழைய நாளிதழை மடித்து அதன் மேல் வைப்பார். அக்கா உட்காருவார். நாள் முழுக்கப் பறந்த மனுஷி, முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, முள்கரண்டியில் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்து, மென்று, அண்ணன் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பார். பெரிதாக ஒன்றும் பேச மாட்டார்கள். இரண்டாம் மாடிப் பூனை குட்டி போட்டது, பெட்ரோல் நிலையத்தில் வரிசை நீளமாக இருந்தது, இதுதான் பேச்சு. தொலைக்காட்சி கூடாது. வீட்டுக் கடன், மகளின் படிப்புச் செலவு எதையும் எடுக்கக்கூடாது. ஒருநாள் அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டம்மாள் குப்பைத்தொட்டிப் பிரச்சினையைத் தூக்கிக்கொண்டு வந்து இரும்புக் கதவைத் தட்டினார். "நாளைக்குப் பேசலாம்க்கா, இப்ப நாங்க ஊருல இல்ல" என்று அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார். அந்தம்மாவுக்கும் வேறு வழியில்லை, போய்விட்டார்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. அண்ணன், பைராம் என்கிற எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். சோறும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு. அவருக்கு எதற்குத் தினமும் பாலும் சீஸும் போட்ட பாஸ்தா? ரைஸ் குக்கரில் அரிசியைப் போட்டால் அது பாட்டுக்கு வேகும். ஒருநாள் பாத்திரம் கழுவும்போது கேட்டே விட்டேன்.

"முன்னாடி அப்புடித்தான் செஞ்சேன். காலைலயே சோறு, கறி எல்லாம் ஆக்கி மூடி வச்சிட்டுப் போவேன். அவரு அஞ்சு மணிக்கே பசிக்குதுன்னு போட்டுச் சாப்புட்டுருவாரு. நான் வந்து தனியா ஒக்காந்து சாப்புடுவேன். அவரு அந்த ரூமுல போன நோண்டிட்டு இருப்பாரு. சோறு காத்திருக்கும்லா புள்ள. அதனால சோத்துக்காக யாரும் காத்திருக்க மாட்டாங்க. இது அப்புடி இல்ல. எறக்குன ஒடனே ஒக்காரணும். இல்லன்னா கட்டியாயிரும்."

சொல்லிவிட்டு ஒரே வீச்சில் தட்டுகளைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். நான் சோப்பு நுரையோடு அந்தச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணனின் வண்டவாளம் எனக்குத் தற்செயலாகத் தெரிந்தது. பிறையில் என் சித்தி வீட்டுக்கு ஓர் ஓய்வு நாளில் போயிருந்தேன். இருட்டிய பிறகு அவர்களோடு நாசி கண்டார் சோற்றுக் கடைக்குப் போனால், வாசலில் தெரிந்த மோட்டார் சைக்கிள். உள்ளே அண்ணன். மோட்டார் சைக்கிள்காரர்கள் எதிர்க்காற்றுக்கு மாட்டுவதுபோல் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டியபடியே, மலையாகக் குவித்த சோற்றில் மூன்று குழம்பும் வெள்ளமாக ஓட, மீன் தலையோடு மும்முரமாக இருந்தார். என்னைக் கண்டதும் உருட்டிய கவளம் பாதி வழியில் நின்றுவிட்டது.

"தங்கச்சி, அக்காகிட்ட சொல்லிடாதம்மா."

"தினமுமா அண்ணே?"

"அது நல்லாத்தான் இருக்கு. இல்லன்னு சொல்லல. ஆனா சோறு உள்ள போகலன்னா சாப்புட்ட மாதிரியே இல்ல. அவ மனசு கஷ்டப்படும், விட்டுடு."

விட்டுவிட்டேன். ஆனால் அதன் பிறகு மேசையில் கவனித்துப் பார்த்தேன். அக்கா எனக்கு இரண்டு கரண்டி போட்டால் அண்ணனுக்கு ஒன்றரைதான் போடுவார். ஆம்பளை, ராத்திரி முழுக்க வேலை செய்கிறவர், அவருக்கு ஏன் குறைச்சல் என்று கேட்டபோது அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அவரு பாலத்த தாண்டிப் போயி நாசி கண்டார் அடிக்கணும்லா, வயித்துல எடம் வேணாமா?"

"ஒங்களுக்குத் தெரியுமாக்கா!"

"அந்த ஜாக்கெட்ட யாரு தொவைக்கறது? நீயா? மீன் கறி வாசம் பாத்ரூம தூக்குது. இந்தா, தெரியும்னு அவருகிட்ட சொல்லித் தொலைச்சிறாத."

ஆக இரண்டு பேரும் என் வாயைக் கட்டிவிட்டார்கள். அன்று இரவு சாப்பிடும்போது இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். அண்ணன் தன் ஒன்றரைக் கரண்டியை ரசித்து ரசித்துச் சாப்பிட்டார். அக்கா முகத்தில் ஒன்றுமே தெரியாத சாதுத்தனம். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பொறாமையும் வந்தது. அந்த வயதில் எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்படி ஒருத்தர் கிடைத்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி செய்கிற வேலையில் அக்காவின் கால் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் கிளம்பிய பிறகுதான் அதை வெளியே காட்டுவார். வாளியில் சுடுதண்ணீரும் உப்பும் போட்டு இரண்டு காலையும் உள்ளே விட்டுக்கொண்டு சோபாவில் சாய்வார். முட்டிக்குப் பின்னால் நரம்பெல்லாம் பச்சையாக முடிச்சு முடிச்சாகத் தெரியும். அப்போதுதான் அக்காவின் பிரிவு மேலாளர், ஒரு சீன அம்மா, அவரைக் கூப்பிட்டு லைன் லீடராக ஆகச் சொன்னார். லீடருக்கு மெஷினில் நிற்கிற வேலை இல்லை. அக்கா பழக்கிவிட்ட பிள்ளைகளே இரண்டு பேர் லீடராகிவிட்டார்கள். அக்கா முடியாது என்று சொல்லிவிட்டு வந்தார். இது முதல்முறையும் இல்லையாம்.

காரில் எனக்குக் கோபம் தாங்கவில்லை. "ஒங்களுக்கு என்ன பைத்தியமாக்கா? கால பாத்தீங்களா?"

"லீடர் ஆனா ஷிப்ட் முடிஞ்ச ஒடனே வர முடியாது. ராத்திரி ஷிப்ட் ஆளுகிட்ட எல்லாத்தையும் ஒப்படைக்கணும். அரை மணி நேரம் ஆயிரும். நான் வீட்டுக்கு வரப்ப அவரு கெளம்பிருப்பாரு." சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. அக்கா ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். "அந்த அரை மணி நேரம் என்னுது லா. யாருக்கும் குடுக்க மாட்டேன்."

அன்று மேசையில் பூனைக்குட்டிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது நான் குறுக்கே புகுந்து எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். லீடர் பதவி, கால் நரம்பு, வாளித் தண்ணீர் எல்லாம். நன்றாகத்தான் செய்தேன். இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அண்ணன் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "கால் வலிக்குதுன்னு எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சாப்புடற நேரத்துல இதெல்லாம் எதுக்கு?"

"வேலைய ஒத்துக்க. பழைய மாதிரி சோறாக்கி மூடி வச்சிடலாம். நான் சாப்புட்டுட்டுப் போறேன், நீ வந்து சாப்புடு. என்னா இப்ப?"

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அக்கா எழுந்துவிட்டார். அண்ணன் சாப்பிட்டு முடிப்பதற்கு முன்னால் அவர் மேசையை விட்டு எழுந்ததை அன்றுதான் பார்த்தேன். அடுத்து வந்த நாட்களில் பாஸ்தா இருந்தது, மூன்று பேரும் உட்கார்ந்தோம், பேச்சு மட்டும் இல்லை. முள்கரண்டிச் சத்தம்தான் கேட்டது.

அப்புறம் ஒருநாள் மின்தூக்கி பழுதாகிவிட்டது. வேலை முடிந்து வந்தால் கதவில் அட்டை தொங்குகிறது. அக்கா ஒரு நொடி யோசித்தார், பிறகு படியில் ஏறத் தொடங்கிவிட்டார். வேண்டாம், அண்ணனைக் கீழே வரச் சொல்கிறேன் என்று நான் கத்தியதைக் காதில் வாங்கவில்லை. "நேரமாச்சிலா!" ஐந்தாம் மாடி வரைக்கும் அந்த வேகத்திலேயே ஏறினார். அங்கே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. முட்டி நிமிர மறுத்துவிட்டது. நான் போன் செய்ததும் அண்ணன் ஒரு பக்கம் சட்டைப் பொத்தான் போடாமல் இறங்கி ஓடி வந்தார். பக்கத்தில் படியில் உட்கார்ந்து அக்காவின் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். முட்டியை நீவிவிட்டார். கிளம்ப வேண்டிய நேரம் வந்தபோது, "நாளைக்கே போயி ஒத்துக்கறேன்னு சொல்லு. இல்லன்னா நானே வந்து ஒங்க மேனேஜர்கிட்ட சொல்வேன்" என்றார்.

அக்கா சரி என்று தலையை ஆட்டினார். அழுதார். கால் வலிக்காக இல்லை என்று எனக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். அன்று வீட்டில் அடுப்பே பற்ற வைக்கவில்லை.

லீடரான முதல் நாள், வேலை முடிந்து எல்லாரும் போன பிறகு நான் வாகன நிறுத்துமிடத்தில் காத்திருந்தேன். ஒப்படைக்க வேண்டியதையெல்லாம் ஒப்படைத்துவிட்டு அக்கா வெளியே வந்தார். மெதுவாக நடந்து வந்தார். பையைத் தோளில் சரியாக மாட்டி, வழியில் நின்று செருப்பு வாரை இழுத்துவிட்டு, ஆற அமர வந்தார். அந்த நடையைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. இனி ஓடுவதற்கு அவருக்கு ஒன்றும் இல்லை என்பதுபோல் இருந்தது. காரில் ஏறிக்கொண்டேன்.

கேட்டைத் தாண்டிப் பஸ் நிறுத்தத்தின் அருகே வந்ததும் அக்கா சடாரென்று பிரேக் போட்டார். நிறுத்தத்துப் பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். ஜாக்கெட் முன்பின்னாக. மடியில் குளியல் துண்டைச் சுற்றிய ஏதோ ஒன்று. எங்களைக் கண்டதும் எழுந்து நின்று கையை ஆட்டினார்.

"வா வா! சீக்கிரம் வா! ஆறுனா கல்லு!"

வீட்டுச் சட்டியை அப்படியே மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். துண்டைப் பிரித்து மூடியைத் திறந்தார். உள்ளே ஏற்கெனவே கல்தான். பாஸ்தா எது, கோழி எது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. கரண்டியைக் குத்தி நிறுத்தினால் நின்றது. பால் எங்கே போனதென்று தெரியவில்லை.

அக்கா சட்டியையும் அவரையும் பார்த்தார். "எப்புடி ஆக்குனீங்க?"

"நீ செய்றதத்தான் தினமும் பாக்கறேனே. மூணு தண்ணி விட்டு நல்லாக் கழுவுனேன். அப்புறம் வெரல விட்டு, ரெண்டு கோடு அளவு தண்ணி வச்சேன்."

"பாஸ்தாவக் கழுவுனீங்களா?"

"பின்ன? கழுவாம எப்புடிலா ஒல வைக்கறது?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்கா சிரிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். கரண்டியை வாங்கி ஓரத்திலிருந்து ஒரு கட்டியை வெட்டி எடுத்து வாயில் போட்டு, முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு, மென்றார். வீட்டு மேசையில் சாப்பிடுகிற அதே நிதானம். அடுத்த ஷிப்டுக்கு ஆள் இறக்கிவிட்ட பஸ்கள் புகையைக் கக்கிக்கொண்டு காலியாகப் போயின. அண்ணன் பூனைக்குட்டிக்குக் கண் திறந்துவிட்ட செய்தியைச் சொன்னார். அக்கா, "எத்தன குட்டி, மூணா நாலா?" என்று கேட்டார். நானும் ஒரு கட்டியை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டேன், பேசாமல் இருக்க அது உதவியாக இருந்தது.

நேரமாகிவிட்டது என்று அண்ணன் பாலத்தைப் பார்த்துக் கிளம்பியதும், அக்கா காரில் சாவியைப் போட்டபடி சொன்னார்: "பாவம், இன்னிக்கு ரெண்டு தட்டு நாசி கண்டார் போகும்."

"நமக்கு?"

"வீட்டுக்குப் போயி சோறாக்கலாம். சம்பால் இருக்கு, முட்ட இருக்கு. இந்தா, அவருகிட்ட..."

"சொல்ல மாட்டேன்கா."

அதற்குப் பிறகு அவர்கள் இருவருக்கும் வேலையுள்ள மாலைகளில் அந்தப் பெஞ்சுதான் சாப்பாட்டு மேசை. மழை பெய்தால் கார். எனக்குக் கல்யாணமாகி அங்கிருந்து கிளம்பும் வரை நான் சாப்பிட்டது அண்ணன் ஆக்கியதைத்தான். அவர் கழுவுவதையும் நிறுத்தவில்லை, விரல் வைப்பதையும் நிறுத்தவில்லை. இப்போது என் வீட்டில் வேலை நாட்களில் அக்காவின் முறையில்தான் செய்கிறேன், ஒரே சட்டி, காய்ந்த மிளகாயோடு. நன்றாகவே வருகிறது. ஆனால் சாப்பிட்டு முடித்ததும் ஆளுக்கொரு போனை எடுத்துக்கொள்கிறோம். அப்போதெல்லாம் எனக்கு அந்தப் பெஞ்சு ஞாபகம் வரும்.

அங்கிருந்து கிளம்புவதற்குச் சில நாள் முன்பு, இரவு வீடு திரும்பி மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது, அக்காவிடம் கேட்டேன். லைனில் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பொறுமையாக வேலை கற்றுக்கொடுத்தவர், கழுவாதீங்க என்று அண்ணனிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

"சரியா வந்துட்டா கடகடன்னு உள்ள போயிரும் புள்ள. இது கட்டியா இருக்கறதுனாலதான் மெல்லறதுக்கு அவ்ளோ நேரமாகுது."

சொல்லிவிட்டுப் பொத்தானை டப் டப் டப்பென்று குத்தினார். மேலே போய்ச் சோறு ஆக்க வேண்டியிருந்தது.